மே மாதக் கடைசி வாரம்

செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு மே மாதக் கடைசி வாரம்தான் பூட்டுத் திறக்கும் வாரம். கோடை முழுக்க அடைந்து கிடந்த அறையைத் திறந்தால் வௌவால் எச்சம், அலமாரிக் காலில் ஏறிய கரையான், சன்னல் மூலையில் குளவிக் கூடு. போன தேர்தலுக்கு எழுதிய வாக்குச்சாவடி எண் மட்டும் சுவரில் பளிச்சென்று இருக்கும். கல்வித் துறையின் சுற்றறிக்கை அதற்குள் தலைமையாசிரியர் கைக்கு வந்திருக்கும். புதர் அகற்ற வேண்டும், குடிநீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும், மின்கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும், கழிவறை புழக்கத்துக்கு வர வேண்டும், பழுதடைந்த கட்டடத்துக்குள் பிள்ளைகளை விடக் கூடாது, இந்த வேலைகளில் மாணவர்களை ஈடுபடுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு இந்த வரிகள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது திறப்புத் தேதிதான்.

2023-இல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜூன் 1, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 5 என்றார்கள். வெயில் விடவில்லை. ஜூன் 7 ஆயிற்று. அதுவும் தள்ளிப்போய் 12, 14 ஆயிற்று. 2024-இல் ஜூன் 6 என்றது ஜூன் 10-க்குப் போனது. 2025-இல் சொன்னபடி ஜூன் 2 அன்றே மணி அடித்தது. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெக்கை ஏன் போகவில்லை என்றால், காரணம் காற்று. முற்பகலிலேயே கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகள் பிழைத்துக்கொள்ளும். மேலைக்காற்று வலுத்து அதைப் பிற்பகல் வரை தடுத்தால் ஜூனில் கடற்கரையும் கொதிக்கும். உள்ளே தள்ளி இருக்கும் மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் கேட்கவே வேண்டாம்.

வகுப்பறையைத் தயார் செய்வது என்றதும் பலருக்கும் பலூன், வாழைமரம், வாசலில் கோலம், வரும் பிள்ளைகளுக்கு ஒரு ரோஜாப் பூவும் சாக்லேட்டும் நினைவுக்கு வரும். செய்தித்தாளில் படம் வருவதும் இவற்றுக்குத்தான். தரையில் பாய் விரித்து உட்காரப் போகும் ஐந்து வயதுக் குழந்தை, அங்கிருந்து எதைப் பார்க்கும், எதைத் தொடும், எங்கே வியர்க்கும் என்ற கேள்வி படத்துக்குள் அடங்காது. இந்த மாவட்டத்திலும் பக்கத்துச் சென்னையிலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சில பதில்கள் நிலைத்தன. சில, பதிலை விரும்பிய அதிகாரி மாறியதும் மாறின.

முதலில் கூரை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து ஓலை அகற்றப்பட்டது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடிப்பது வேகமாக நடந்தது, கட்டுவதற்கு நாளானது. இடைப்பட்ட காலத்தில் சமுதாயக் கூடத்திலும் மரத்தடியிலும் உட்கார்ந்த வகுப்புகள் ஏராளம். பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான்.

கடற்கரைக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி உப்பும். உப்பினால் கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாக உதிரும். மின்விசிறி தொங்கும் கொக்கிக்கும் அதே கதிதான். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பள்ளிகளில் மே மாத ஆய்வு என்பது அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலை. வெள்ளையடித்துவிட்டால் விரிசல் மறைந்துவிடும். வெள்ளையடிப்பதற்கு முன் பார்ப்பதுதான் ஆய்வு.

வெக்கை பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஜோஷுவா குட்மன், ஜிசுங் பார்க் உள்ளிட்டோர் செய்தது. குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஏறக்குறைய ஒரு சதவீதம் கரைகிறது என்று கண்டார்கள். ஒன்றியப் பள்ளிக்குக் குளிர்சாதனம் வரப்போவதில்லை. ஆனால் இறுகிப்போன சன்னல் கொண்டிகளுக்கு எண்ணெய் விட்டுத் திறக்க வைக்கலாம். மேற்குச் சுவரை ஒட்டி உட்காரும் வரிசையை இரண்டடி தள்ளலாம். காற்று வரும் சன்னலை மறைத்து நிற்கும் பீரோவை இடம் மாற்றலாம். பீரோ கனமானது என்பதால் அது முதலில் வைத்த இடத்திலேயே பத்து ஆண்டு நிற்பது நம் பள்ளிகளின் வழக்கம். 2025-இல் காலை 11, பகல் 1, பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கும் ‘வாட்டர் பெல்’ முறை வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி அடிப்பது சுலபம், குடிக்கும்படியான தண்ணீர் வைப்பது கடினம். கடலோரக் குப்பங்களில் பல கிணறுகள் உவர்ப்பு. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அதன் தண்ணீர் பெரும்பாலும் தென்சென்னைக்குப் போகிறது.

புதர் அகற்றுவதும் இங்கே சடங்குக்குச் செய்யும் வேலையாக இருக்க முடியாது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உலாவும் நிலம் இது. வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடந்துவருவதும், நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து போவதும் அதனால்தான். 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்த மாவட்டத்துச் சென்னேரிக்காரர்கள். மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை அழைக்கப்பட்டவர்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் இல்லை. எந்தப் பொந்தில் எது இருக்கும் என்று அறிந்த சமூகத்தின் பிள்ளைகள்தான் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் பெற்றோர் குடிபெயரும்போது முதலில் வகுப்பறையை விட்டு விழுகிறார்கள். ஜூனில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடும்போது, போன ஆண்டு ஜனவரியில் காணாமல் போன பெயர்களைத் தேடி இருளர் குடியிருப்புக்கு ஒரு நடை போய் வருவதையும் வகுப்பறைத் தயாரிப்பில் சேர்க்க வேண்டும். எந்த அலங்காரத்தைவிடவும் அதற்குப் பலன் அதிகம்.

யார் உள்ளே வருவார்கள் என்பது இந்த மண்ணில் பழைய கேள்வி. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட திண்ணைப் பள்ளிகள் கணக்கில் வந்தன. அந்தப் பள்ளிகளில் முதல் நாளுக்கான தயாரிப்பு மிக எளியது: திண்ணையில் மணலைப் பரப்ப வேண்டும். அதில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் பிள்ளைகளை வழியில் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் இங்கிலாந்தில் நூலாக்கினார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுத்துப் பழகியது நம் திண்ணையிலிருந்து போன வழக்கம்.

ஆனால் திண்ணைக்கு ஒரு படி உண்டு. எல்லாரும் அதில் ஏற முடியவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை ஊர் ஊராக எடுத்துச் சொன்னது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படும் ஒதுக்கீடும், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறக்கும் அரசாணைகளும் அதை ஒட்டிய ஆண்டுகளில் வந்தன. பின்னர் தொழிலாளர் துறை நடத்திய ‘லேபர் ஸ்கூல்’களின் வழித்தோன்றலாக ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்றும் மாவட்டத்தில் நடக்கின்றன. அறைக்குள் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது வெறும் நாற்காலி மேசைக் கணக்கு என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டலாம்.

குழந்தையின் உயரத்துக்கு அறையை இறக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பிய மரியா மாண்டிசோரிக்கும் இந்தக் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர், 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார். சில மாதம் தங்கிப் போக வந்தவரை உலகப் போர் 1946 வரை இந்தியாவிலேயே நிறுத்தியது. அடையாற்றில் அவரிடம் முதலில் பயிற்சி பெற்றவர்கள் சுமார் முந்நூறு பேர். எடை குறைந்த நாற்காலி, குழந்தையே எட்டி எடுக்கக்கூடிய தாழ்ந்த அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் இடம்: ஆசிரியரின் முதல் வேலை பாடம் நடத்துவதைவிட இவற்றை ஆயத்தம் செய்வதுதான் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை தமிழ்நாட்டில் வெகுகாலம் கட்டணப் பள்ளிகளின் சொத்தாகவே இருந்தது.

அரசுப் பள்ளிக்கு அது வேறு வழியாக வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கியிருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கச் செய்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போயிற்று. 2007-08-இல் மாநிலம் முழுக்க.

அந்த ஆண்டு ஜூனில் ஓர் ஒன்றியப் பள்ளியின் முதல் வகுப்பு அறைக்கு நடந்தது பெரிய மாற்றம். ஆசிரியரின் நாற்காலி ஓரம் போனது; ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதி நெடுகக் கரும்பூச்சு பூசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். அதற்குக் கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். அது கம்பிப் பந்தல். பாடத் தட்டுகளில் அட்டைகள், அட்டைகளில் பறவை, விலங்குச் சின்னங்கள். சுவரில் சுய வருகைப் பதிவு, காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம். வந்த பிள்ளை தானே தன் பெயருக்கு நேரே குறி வைத்து, இன்று குளித்தேனா, நகம் வெட்டினேனா என்று தானே பதிய வேண்டும்.

குறைகளும் வந்தன. அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும். நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நின்றால் ஒரே ஆசிரியர் எங்கே போவார்? பெற்றோர் பலருக்குப் புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பு படிப்பாகவே தோன்றவில்லை. அட்டைகள் பின்னர் எளிமையாக்கப்பட்டன, அப்புறம் வேறு திட்டத்துக்கு வழிவிட்டன. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. சாக்பீஸ் கிடைத்தால் போதும், பிள்ளை எழுதும். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பலகைக்குப் பூசிய தலைமுறைக்கு அந்தச் சுவரைப் புதுப்பிப்பது பெரிய வேலையும் இல்லை. ஒரு திட்டத்தில் எது தேறும் என்று கேட்டால், மேலதிகாரி வந்து பார்க்காவிட்டாலும் குழந்தை தானாகப் பயன்படுத்தும் பொருள்தான் தேறும் என்று இந்தச் சுவரை வைத்தே சொல்லலாம்.

இப்போதைய திட்டம் எண்ணும் எழுத்தும். 2022 ஜூன் 13 அன்று, பள்ளி திறந்த நாளிலேயே, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. பெருந்தொற்றில் விட்டுப்போன அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் மூன்றாம் வகுப்புக்குள் பிடிப்பது நோக்கம். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்படுகிறார்கள். அறைக்குள் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம், செயல்பாட்டுக் களம் என்று மூலைகள் அமைகின்றன. பொம்மலாட்டத் திரை, முகமூடி, வண்ண அட்டை. ஆசிரியர்கள் உற்சாகமாகவே செய்கிறார்கள். சார்ட்டுக்கும் தெர்மாகோலுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் பலர் கைக்காசு போடுகிறார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு அறிவியல் பாடம் நடத்திப் பார்த்தார்கள். மூன்று பாடம் சுவர் நிறைய அலங்கரித்த அறையில், மூன்று வெறுஞ்சுவர் அறையில். அலங்கரித்த அறையில் பிள்ளைகளின் கவனம் 38.6 சதவீத நேரம் பாடத்தை விட்டு விலகியது, வெறுஞ்சுவரில் 28.4. தேர்வில் சரியான விடை முறையே 42 சதவீதம், 55 சதவீதம். சிறிய ஆய்வு, அதை வைத்துச் சட்டம் போட முடியாது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்டது பெரியது: 27 பள்ளிகள், 153 வகுப்பறைகள், 3,766 மாணவர்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 சதவீதம் அறையின் அமைப்பால் வருவது என்றது. அதில் பாதி வெளிச்சம், வெப்பம், காற்று. நிறமும் காட்சியும் சேர்ந்து ஏறக்குறைய கால்பங்கு, அதுவும் அளவோடு இருந்தால்தான். சுவர் வெறிச்சென்று இருந்தாலும் கெடுதல், நிரம்பி வழிந்தாலும் கெடுதல்.

நம் பள்ளிகளில் சார்ட் தொங்கும் உயரம் பெரும்பாலும் ஆசிரியரின் கை எட்டும் உயரம், அதாவது பார்வையிட வரும் அதிகாரியின் கண் உயரம். பாயில் இருக்கும் பிள்ளை அதைப் படிக்க வேண்டுமானால் கழுத்து வலிக்கும். ஜூன் முதல் நாள் சுவரில் பாதியைக் காலியாக விட்டு, பிள்ளைகள் வரைந்தது சேரச் சேர நிரப்புவது கைக்காசையும் காப்பாற்றும்.

அதே கழுத்து வலி 2025 ஜூலையில் வேறு உருவில் வந்தது. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாமல் அரைவட்டமாக உட்கார வைக்கும் காட்சியைப் பார்த்துக் கேரளப் பள்ளிகள் சில இருக்கையை மாற்றின. தமிழ்நாட்டிலும் ‘ப’ வடிவில் அமர வைக்கச் சுற்றறிக்கை வந்தது. பக்கவாட்டில் திரும்பியே கரும்பலகையைப் பார்த்தால் கழுத்தும் கண்ணும் என்ன ஆகும் என்று எதிர்ப்பு எழுந்ததும் அது நிறுத்திவைக்கப்பட்டது. இருபதுக்கு இருபது அடி அறையில் நாற்பது பேரை ‘ப’ போட்டு உட்கார வைக்க இடமும் கிடையாது. எண்ணம் நல்லது, அறையை அளந்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடற்கரை ஒன்றியங்களின் சிறு பள்ளிகளுக்கு இருக்கைச் சிக்கல் வேறு மாதிரி. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், வகுப்புகளோ ஐந்து. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு என்பதுதான் நடைமுறை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் எதிரெதிர்ச் சுவர்களில் பலகை வைத்து, இரு கூட்டமும் முதுகோடு முதுகாக அமரும்படி செய்கிறார்கள். முதல் வகுப்பை வாசலிலிருந்து தள்ளி வைப்பார்கள்; முதல் வாரத்தில் அம்மாவைத் தேடி ஓடுவது அந்த வகுப்புதான்.

2021 நவம்பர் 1 அன்று, ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதுதான் வாழ்நாளின் முதல் பள்ளி நாள். முதல் வகுப்பை அவர்கள் பார்த்ததே இல்லை. வரிசையில் நிற்பது, கேட்டுவிட்டு வெளியே போவது, பக்கத்துப் பிள்ளையோடு சிலேட்டுக்குச்சியைப் பகிர்வது எல்லாம் புதிது. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, இதே கடற்கரைச் சாலையின் தெற்கே மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. தெருத் திண்ணையும் வீட்டு முற்றமும் மறுபடி வகுப்பறை ஆயின.

அதே நவம்பர் 4 அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் சென்று வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். 2023 தொடக்கத்தில் நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் சான்று வேண்டும், அது இல்லாமல் பிள்ளை பாதியில் நின்றுவிடும். வீட்டில் நரிக்குறவரின் வாக்ரிபோலி பேசி வளர்ந்த பிள்ளைக்கு முதல் நாள் வகுப்பறையின் தமிழ் புரியாது. தண்ணீர், கழிவறை, பசி என்ற மூன்று சொற்களை அந்த மொழியில் ஆசிரியர் தெரிந்துகொண்டு வருவதற்குச் செலவே இல்லை. பசிக்கு 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறது. அதனால் அறையைத் திறக்கும் நேரமும் முன்னே வந்துவிட்டது.

இந்தக் கடற்கரையில் பள்ளி திறப்பு ஜூனோடு முடிவதும் இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல பள்ளிகள் ஒரு வாரம் மூடிக் கிடந்து 11-ஆம் தேதி திறந்தன. சுத்தம் செய்யத் தனி நிதி ஒதுக்கினார்கள். வெள்ளத்தில் புத்தகம் போன பிள்ளைகளுக்கு மறுபடி புத்தகம் கொடுத்தார்கள். அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். தாழ்வான இடத்துப் பள்ளிகளில் இப்போது ஐப்பசி பிறப்பதற்கு முன்பே பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து, வருகைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ்க் கட்டுகளையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள்.